கப்பல் கந்தோருக்குப் புதிதாக வருபவர்களுக்கு

வங்கியிலிருந்தோ கணக்காய்விலிருந்தோ கொழும்பு கோட்டைப் பக்கம் ஒரு கப்பல் முகவர் கந்தோருக்கு மாறினால், முதலில் பிரித்தறிய வேண்டியவை டெமரேஜ், டிடென்ஷன் என்ற இரண்டு தாமதக் கட்டணங்களைத்தான். கொள்கலன் இலவச நாட்களைத் தாண்டியும் துறைமுகத்துக்குள்ளேயே கிடந்தால் டெமரேஜ். வெளியே எடுத்த பெட்டியிலுள்ள சரக்கை இறக்கி, வெறும் பெட்டியாகத் திருப்பிக் கொடுக்கச் சுணங்கினால் டிடென்ஷன். மாற்றி எழுதினால் பில் பிழையாகும், வாடிக்கையாளரோடு வாக்குவாதம் தொடங்கும். பல தகராறுகளின் வேர் இதுதான்.

கொள்கலன்களை எண்ணும் அலகு டீஈயூ: 20 அடிப் பெட்டி ஒரு டீஈயூ, 40 அடி என்றால் 2. ஆகவே மின்னஞ்சலில் வெறுமனே “10” என்று வந்தால், பெட்டியா டீஈயூவா என்று கட்டாயம் கேளுங்கள்.

பீஎல், அதாவது கப்பலில் ஏற்றும் சரக்குக்கான ஆவணம், இரண்டு வகை: கப்பல் நிறுவனம் தருவது மாஸ்டர், ஃபோர்வடர் (சரக்கு அனுப்பும் முகவர்) தருவது ஹவுஸ். கஸ்டெக் என்பது சுங்கப் பிரகடனம். ஜேசீடி, சீஐசீடி இரண்டும் கொழும்புத் துறைமுகத்தின் வெவ்வேறு கொள்கலன் முனையங்கள். லொறிக்காரரிடம் மாற்றிச் சொன்னால் வீண் அலைச்சல்.

இந்தச் சொற்களை அகரவரிசைப் பட்டியலாகப் படித்தால் மனதில் நிற்காது. முடிந்துபோன ஒரு ஃபைலை வாங்கி, முன்பதிவு முதல் கடைசி பில் வரை தாள் தாளாகப் புரட்டுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே, அது எந்தத் தாளில் வருகிறது, தவறினால் காசு கட்டுவது யார் என்று கொப்பியில் குறியுங்கள்.