அதூஃப் பழகுகிறேன்: இதுவரை

அதூஃப் ஒரு சதுரப் பறை. போர்ச்சுகலில் ஸ்பெயின் எல்லையை ஒட்டிய பெய்ரா பைஷா வட்டாரத்தில்தான் இன்னும் நன்றாகப் புழங்குகிறது. மரச்சட்டம் பக்கத்துக்கு ஏறத்தாழ 45 செ.மீ. இருக்கும். இரு முகத்திலும் ஆட்டுத்தோலை இழுத்து ஓரத்தில் சேர்த்துத் தைத்திருப்பார்கள். தையலை மறைக்க வண்ண நாடா, மூலைகளில் குஞ்சம். உள்ளே கொஞ்சம் விதையோ சின்ன மணிகளோ கிடக்கும். வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த முஸ்லிம்களான மூர்களின் காலத்தில் ஐபீரியாவுக்கு, அதாவது ஸ்பெயின்-போர்ச்சுகல் தீபகற்பத்துக்கு, வந்த வாத்தியம் இது. இந்த வட்டாரத்துக் கிராமங்களில் இதை வாசிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்.

ஊரில் கொஞ்சம் கஞ்சிரா வாசித்த கை என்னுடையது. அந்தப் பழக்கம் பாதிதான் உதவியது. கஞ்சிராவில் இடது கை பிடிக்கும், வலது கை வாசிக்கும். இங்கே பிடிக்கிற கைகளேதான் வாசிக்கவும் வேண்டும். இரண்டு கட்டைவிரலும் வலது ஆள்காட்டி விரலும் பறையைத் தாங்க, மீதி விரல்கள் அடிக்கின்றன. வலது கைக்கு மூன்று விரல்தான் மிச்சம்! தொடக்கத்தில் கட்டைவிரல் அடிப்பகுதியில் நல்ல வலி. பறை நழுவிவிடுமோ என்று இறுக்கிப் பிடித்தால் கட்டைவிரல் தோலை அமுக்கி நாதத்தைக் கொன்றுவிடுகிறது. சட்டத்தின் விளிம்பில் மட்டும் விரல் பட, பறை லேசாக ஆடும்படி விட்டால்தான் ஒலி திறக்கிறது. கனம் அதிகமில்லை. பயம்தான் கனம்.

சொற்கட்டு எளிது. வலது கை விரல்களைச் சேர்த்து நடுவில் விட்டால் ஆழமான ஒலி, இடது கை விரல்கள் ஓரத்தில் பட்டால் கூர்மையான ஒலி. நான் பழகும் பாடல்களில் பல ஆறு எண்ணிக்கையில் ஓடுபவை. எனக்கு அது தகிட தகிட என்றுதான் கேட்கிறது, அப்படியே வாய்க்குள் சொல்லிக்கொள்கிறேன். உள்ளே இருக்கும் விதைதான் தொல்லை. அடி விழுந்து ஒரு நொடித்துளி கழித்தே அது சரசரக்கும். அந்தச் சத்தத்தைப் பிடித்துக் காலம் எண்ணினால் வேகம் தானாகக் குறைந்துகொண்டே போகும். தோலின் அடியை மட்டும் காதில் வைத்துக்கொள்ளப் பழகியபின் சரியாயிற்று.

குளிர்காலத்தில் தோல் ஈரம் குடித்துத் தொய்ந்துவிடும். கஞ்சிராவுக்கு நாமே உள்ளிருந்து தண்ணீர் தடவிச் சுருதியை இறக்குவோம். இங்கே நேர்மாறு, நெருப்பருகே காட்டிக் காய்ச்ச வேண்டும். நான் கூந்தல் உலர்த்தியைத் தள்ளிப் பிடித்துச் சூடு காட்டுகிறேன். இரண்டு முகத்துக்கும் சமமாகக் காட்டுவது நல்லது.

அப்புறம் பாட்டு. இதுதான் மெய்யான வேலை, மற்றதெல்லாம் முன்னேற்பாடு. அதூஃபைத் தனியாக உட்கார்ந்து வாசிப்பது இங்கே வழக்கமில்லை, அடிப்பவளே பாட வேண்டும். இந்த வட்டாரத்துப் பென்யா கார்சியா கிராமத்தைச் சேர்ந்த அதூஃப் பாடகி கத்தரீனா ஷீத்தாஷின் பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டுப் பழகுகிறேன். 2003-இல் மறைந்தவர். குரல் வரியின் முடிவை இழுத்துக்கொண்டு தன்போக்கில் போகும், கை அசையாமல் அடித்துக்கொண்டிருக்கும். நான் பாட ஆரம்பித்ததும் கை குரலின் பின்னால் ஓடியது. எனக்குச் சொல்லித்தரும் அம்மாள் வைத்தியம் ஒன்று சொன்னார்: சொற்களை விட்டுவிடு, அடித்துக்கொண்டே யாரிடமாவது பேசு. சமையலறையில் கணவரிடம் மளிகைக் கணக்குப் பேசியபடியே அடித்தேன். அவருக்குப் பிடிக்கவில்லை, கைக்குப் பிடித்துவிட்டது.

இப்போது ஓர் எளிய பாடலை இரண்டு சரணம் வரை கை தடுமாறாமல் கொண்டுபோக முடிகிறது. மூன்றாவதில் வேகம் ஏறிவிடுகிறது. பலர் சேர்ந்து வாசிக்கும்போது இன்னும் ஏறுகிறது. மே மாதம் இதே வட்டாரத்து மலைக்கிராமமான மொன்சான்டோவில் சிலுவைத் திருவிழா. பெண்கள் அதூஃப் அடித்துப் பாடிக்கொண்டே கோட்டைக்கு ஏறி, அங்கிருந்து பூக்கள் நிறைந்த பானையைக் கீழே வீசுவார்கள். செங்குத்தான கல்பாதை அது. உட்கார்ந்தபடி இரண்டு சரணம் என்பது அங்கே செல்லாது. அதனால் இந்த வாரம் முதல் வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்கியபடி வாசிக்கிறேன்.