தேரிக்காட்டு ஆட்டத்துக்கு ஒரு மேசை

ஜூன் 7, 2025, சனி. பாளையங்கோட்டை

ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசி, பகடை உருட்டிக் கதையை நகர்த்தும் ஆட்டம் எங்களுடையது. நின்றுபோன அதை மறுபடி தொடங்குகிறோம். அண்ணாச்சி துபாயில், ஒருத்தன் சென்னையில், மாப்ள அம்பாசமுத்திரத்தில். ஆட்டத்தை நடத்துவது நான். இந்தத் தடவை கதை நடப்பது தேரிக்காட்டில். திசையன்விளைப் பக்கத்துச் செம்மண் மேடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், காற்று காலத்தில் நேற்றிருந்த தடம் இன்றைக்கு இருக்காது. கதைக்கு இதைவிட நல்ல இடம் வேறு எது?

விதிகளுக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பு. அதன் அடிப்படை விதித்தொகுப்பை 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டார்கள். நம் கதைக்கு ஏற்ப மாற்றித் தமிழில் எழுதிக்கொள்ளலாம். இனி வரைபடம் விரிக்க, காய் நகர்த்த, பகடை உருட்ட ஒரு விர்ச்சுவல் டேபிள்டாப், அதாவது எல்லோரும் இணையத்தில் கூடும் மேசை வேண்டும்.

ஜூன் 9, திங்கள்

முதல் மேசையாக ரோல்20 பார்த்தேன். 2012 முதல் இருக்கிறது, பிரவுசரிலேயே ஓடும். இலவசக் கணக்கில் 100 எம்பி இடம். ஒவ்வொரு பாத்திரத்தின் கண்ணுக்கும் எட்டுவதை மட்டும் காட்டும் டைனமிக் லைட்டிங் கட்டணக் கணக்குக்குத்தான். அதுகூடப் பரவாயில்லை. மாப்ளயிடம் இருப்பது போன் மட்டும். திறந்து பார்த்துவிட்டு, "பட்டனே கைக்குச் சிக்க மாட்டேங்குடே" என்றான். கம்ப்யூட்டர் திரையை மனதில் வைத்துச் செய்தது அது.

ஜூன் 14, சனி

அடுத்த மேசை ஃபவுண்ட்ரி. அதன் மேல் ஆசை வந்துவிட்டது. 2020-இல் வந்தது. ஒரே தடவை 50 டாலர், அதாவது 4,000 ரூபாய்க்கு மேல். நடத்துபவர் வாங்கினால் போதும், மற்றவர்கள் பிரவுசரில் சும்மா சேரலாம். டெமோவில் சுவர், வெளிச்சம், ஒலி என்று எல்லாம் பார்த்து அசந்து போனேன்.

ஆனால் அது ஓடுவது என் வீட்டுக் கம்ப்யூட்டரில். மற்றவர்கள் என் ரவுட்டரின் 30000-ஆம் போர்ட் என்ற வாசல் வழியாக உள்ளே வர வேண்டும். ரவுட்டர் காட்டிய இணைய வெளிமுகவரி 100.64 என்று ஆரம்பித்தது. அப்படியென்றால் இணைய இணைப்பு தருபவர்கள் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள், நான் போர்ட் திறந்தும் பயனில்லை. (வாங்க நினைப்பவர்கள் பணம் கட்டும் முன் இதைப் பார்த்துவிடுங்கள். 100.64 முதல் 100.127 வரை எதில் ஆரம்பித்தாலும் இதே கதைதான்.) மாத வாடகைக்கு சர்வர் எடுக்க வழி உண்டு. வீட்டிலேயே ஓட்ட வழி கிடைத்தாலும், சாயங்காலம் காற்றில் கரண்ட் போனால் நாலு பேருக்கும் ஆட்டம் நின்றுவிடும்.

ஜூன் 16, திங்கள்

மூன்றாவது மேசை அவுல்பேர் ரோடியோ. ஆடுபவர்களுக்குக் கணக்கே வேண்டாம், லிங்க் அனுப்பினால் போதும். மாப்ள கடையில் இருந்தபடியே போனில் திறந்து, விரலால் காயை நகர்த்திக் காட்டினான். எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

குறை இல்லாமல் இல்லை. பாத்திரத்தின் திறமைகளைக் குறித்து வைக்கும் பாத்திரத் தாள் அதிலேயே கிடையாது, நோட்டில்தான் எழுத வேண்டும். கூடுதல் வசதிக்கு எக்ஸ்டென்ஷன்கள் இருக்கின்றன, இப்போதைக்குத் தொடவில்லை. வரைபடத்தில் இன்னும் காட்டக்கூடாத இடங்களை மறைக்கும் மூடுபனியை நானே வரைந்து, நானே கையால் விலக்க வேண்டும். தேரிக்கு அது பொருந்துகிறது என்றே நினைக்கிறேன். மணல் எப்போது விலகும் என்பது என் கையில் இருக்கிறது.

சென்னைக்காரனுக்கு இன்னும் ஃபவுண்ட்ரி ஏக்கம். அவன் சொல்வதும் நியாயம், அழகில் அதற்கு ஈடில்லை. ஆனால் அம்பையில் இருக்கிறவன் போனில் பார்க்க முடியாத அழகு எனக்கு வேண்டாம்.

ஜூன் 21, சனி

இன்று ஆடினோம். கையால் வரைந்த வரைபடத்தை போட்டோ எடுத்து, வெப்பி (WebP) என்ற படக்கோப்பு வடிவத்துக்கு மாற்றிச் சின்னதாக்கி ஏற்றினேன். மாப்ளயின் போனில் தடங்கல் இல்லாமல் வந்தது. பேச்சு குழு அழைப்பில்.

பனங்கூட்டத்துக்குப் பின்னால் நான் பனியை விலக்கியதும், "ஏலே, அங்க யாரோ நிக்கான்!" என்று அண்ணாச்சி போட்ட சத்தத்தில் ஹெட்போனைக் கழற்றிவிட்டேன். அப்புறம் மாப்ள 20 பக்கப் பகடையை உருட்டினான். விழுந்தது 1, இருப்பதிலேயே மோசம். ஒட்டகம் போய்விட்டது, தண்ணீரும் அதோடு போய்விட்டது.

அடுத்த சனிக்குள் அய்யனார் கோயில் சுனையை வரைந்தாக வேண்டும். அண்ணாச்சி ஆனித் தேருக்கு ஊருக்கு வருகிறார், அப்போது நேரிலும் ஓர் ஆட்டம் வைக்கச் சொல்லியிருக்கிறார்.