சிவப்பு லாக்டைட் ஊற்றிய ஏர்சாஃப்ட் துப்பாக்கி என் கைக்கு வந்த கதை

செகண்ட் ஹேண்டில் வாங்கிய எம்4 ஏஇஜி (பேட்டரி மோட்டாரில் ஓடி, பிளாஸ்டிக் குண்டு சுடும் ஏர்சாஃப்ட் விளையாட்டுத் துப்பாக்கி), விசையைத் தொட்டாலே கிரீச்சென்று கத்தியது. மோட்டார் முனையில் இருக்கும் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம், அது சுழற்றும் பெவல் கியரோடு சரியாகப் பொருந்தவில்லை, அவ்வளவுதான். கைப்பிடிக்கு அடியில் உள்ள ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருப்பி மோட்டார் உயரத்தைச் சரிசெய்தால் தீர்கிற விஷயம். பேட்டரியைக் கழற்றிவிட்டு ஆலன் கீயை வைத்தால், ஸ்க்ரூ இம்மிகூட அசையவில்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் மரை ஓரமெல்லாம் சிவப்புப் பிசிறு. லாக்டைட், அதாவது ஸ்க்ரூ கழலாமல் இருக்க மரையில் போடும் பசை. அதில் சிவப்பு ரொம்பப் பலமான வகை.

அடிக்கடி திருப்புவதற்கென்றே இருக்கும் ஸ்க்ரூவில் யாராவது சிவப்பைப் போடுவார்களா? முன்பு வைத்திருந்தவர் போட்டிருக்கிறார்.

கடைக்கு எடுத்துப் போனேன். கவுன்டரில் இருந்தவர் திறந்துகூடப் பார்க்காமல், "கியர்பாக்ஸோடு மாத்திடுங்க" என்றார். அவர் சொன்ன விலை, நான் துப்பாக்கிக்குக் கொடுத்ததில் பாதி. சரி என்று திரும்பி வந்துவிட்டேன்.

சிவப்பு இறுகிவிட்டால் கைபலம் உதவாது, சூடுதான். 250 டிகிரி செல்சியஸ் அளவுக்குப் போனால் இளகும். ஆனால் சுற்றிலும் பிளாஸ்டிக் கைப்பிடி இருக்கும்போது அங்கே சூடு வைக்க முடியாது. அதனால் அந்த ஸ்க்ரூ இருக்கிற கைப்பிடியின் உலோக அடித்தகட்டை மட்டும் தனியாகக் கழற்றினேன். அதைப் பிடித்திருந்த இரண்டு ஸ்க்ரூவும் சுலபமாக வந்துவிட்டன. சந்தோஷப்பட்டுக் குனிந்து பார்த்தால், இரண்டும் பிசுபிசுவென்று ஈரம். அங்கேயும் சிவப்புதான்! இந்தப் பசை காற்றில்லாத இடத்தில், உலோகம் பட்டால்தான் இறுகும். பிளாஸ்டிக் துளைக்குள் இறுகாமல் நின்று, ஏபிஎஸ் பிளாஸ்டிக் கைப்பிடியை அரித்து, துளையைச் சுற்றி மயிரிழை விரிசல் விட்டிருந்தது. கியர்பாக்ஸுக்குள் இருக்கும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக் பிஸ்டனுக்கும் இதே கதிதான், அந்தப் பக்கமே கொண்டு போகாதீர்கள்.

தகட்டை வைஸில் இறுக்கி, சால்டரிங் அயர்ன் முனையை ஸ்க்ரூவின் மேல் வைத்து அழுத்திக் காத்திருந்தேன். டொரன்டோ ஜனவரிக் குளிரில் ஜன்னலைத் திறந்து வைத்துத்தான். அந்தப் புகையை முகர்வதைவிட நடுங்குவது மேல். சூடு ஆறுவதற்குள் திருப்ப வேண்டும், ஆறினால் மறுபடியும் பிடித்துக்கொள்ளும். ஆலன் கீயில் 'டக்' என்று ஒரு சின்ன அசைவு. அப்புறம் பொடி உதிர உதிர முழுதாக வெளியே வந்தது. கடைக்காரருக்குப் படம் எடுத்து அனுப்பலாமா என்றுகூடத் தோன்றியது.

மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்தேன். அசிட்டோன் வேண்டாம், கைப்பிடியில் பட்டால் ஏபிஎஸ் கரைந்துவிடும். இந்த முறை உயர ஸ்க்ரூவுக்கு லாக்டைட்டில் பலம் குறைந்த ஊதா 222, பல்குத்தும் குச்சி முனையில் எடுத்த ஒரு பொட்டு. குழல் முனையில் மாட்டும் ஃப்ளாஷ் ஹைடரின் பூட்டு ஸ்க்ரூ, ரெயில் ஸ்க்ரூ மாதிரி அதிர்வில் கழன்றுவிடுகிற, உலோகத்தோடு உலோகம் சேரும் இடங்களுக்கு நடுத்தரப் பலமுள்ள நீலம் 243. லேசான எண்ணெய்ப் பசை இருந்தாலும் அது பிடிக்கும். பொருத்திவிட்டு 24 மணி நேரம் தொடாதீர்கள், உடனே சுட்டுப் பார்க்கக் கை துறுதுறுக்கும். இன்னொன்று, புது பாட்டிலில் பாதிதான் இருக்கிறது என்று கடையில் சண்டை போடாதீர்கள். உள்ளே காற்று இல்லாவிட்டால் பாட்டிலுக்குள்ளேயே இறுகிவிடும் என்பதால்தான் அப்படி விட்டிருக்கிறார்கள்.

கிரீச் சத்தம் போய்விட்டது. விற்றவரிடம் விரிசலைக் காட்டியதற்கு, "கழலாம இருக்கட்டும்னுதான் போட்டேன்" என்றார். கைப்பிடிக்குப் பாதிக் காசு தருவதாகவும் சொன்னார். இன்னும் வரவில்லை.