கடப்பாரை இறங்காத மண்

கட்டடம் கட்டும் இடங்களில் மழைநீர் எங்கே போக வேண்டும் என்று திட்டம் போடுவதுதான் என் வேலை. ரொம்ப நாள் வரை, விழுந்த தண்ணீரைப் பைப்பில் ஏற்றி மளமளவென்று வளாகத்துக்கு வெளியே தள்ளிவிட்டால் வேலை முடிந்தது என்றுதான் இருந்தேன். இப்போது நேர் எதிராகச் செய்கிறேன். விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்தி, மண்ணுக்குள் இறக்கி, மிஞ்சுவதை மட்டும் மெல்ல வெளியே விடுகிறேன். துறையில் இதற்கு லோ இம்பாக்ட் டெவலப்மென்ட் என்று பெயர், சுருக்கமாக எல்.ஐ.டி. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், பிரின்ஸ் ஜார்ஜஸ் கவுண்டியில், 1990களில் உருப்பெற்ற முறை இது.

கணக்கு சுலபம். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். 200 சதுர மீட்டர் கூரையில் 25 மில்லிமீட்டர் பெய்தால் 5,000 லிட்டர். 20 சதுர மீட்டருக்கு ஒரு மழைத்தோட்டம், அதாவது மழைநீரை வாங்கி மண்ணுக்குள் இறக்கும் தாழ்வான செடிப்பாத்தி, போட்டு, மேலே 15 சென்டிமீட்டர் பள்ளம் விட்டால் அதிலேயே 3,000 லிட்டர் நிற்கும். மீதியை அடியிலுள்ள மணல் கலந்த மண் வாங்கிக்கொள்ளும்.

என் முதல் மழைத்தோட்டத்தை இப்படித்தான் கணக்குப் போட்டுச் செய்தேன். முதல் நல்ல மழைக்குப் பிறகு மூன்று நாள் தண்ணீர் அப்படியே நின்றது. செடிகளின் அடித்தண்டு கறுத்துவிட்டது. நான்காம் நாள் தண்ணீரை இறைத்துவிட்டுத் தோண்டினோம். நாங்கள் கொட்டிய 45 சென்டிமீட்டர் கலவை மண் பொலபொலவென்று நன்றாகத்தான் இருந்தது. அதற்குக் கீழே கடப்பாரை 'டங்' என்று எகிறியது. வெட்டி எடுத்த கட்டி செங்கல் மாதிரி, தட்டுத் தட்டாக உடைந்தது. ஒரு வேர் இல்லை, ஒரு மண்புழுத் துளை இல்லை. கட்டுமானம் நடந்த மாதங்களில் ஜல்லி லாரிகள் நின்றது அதே இடத்தில்தான். வரைபடத்தில் அங்கே பச்சை நிறம் பூசியிருந்தேன். லாரி ஓட்டுபவரிடம் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

கலவையை அள்ளி ஓரமாகக் குவித்து, அடிமண்ணை 30 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கிளறி, மக்கிய உரம் கலந்து, மறுபடி நிரப்பினோம். அடுத்த மழையில் காலையில் நிரம்பியது மாலைக்குள் வற்றிவிட்டது. 48 மணி நேரத்துக்குள் வற்றினால் கொசுப்புழு வளர்ந்து கொசுவாக நேரம் இருக்காது, அந்தப் பயமும் வேண்டாம்.

அதிலிருந்து எந்த இடத்துக்குப் போனாலும் முதல் வேலை ஒரு குழி தோண்டுவது. தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, மறுபடி நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோல் வைத்துப் பார்ப்பேன். நன்றாக இறங்கும் இடம் தெரிந்ததும், ஜேசிபி வருவதற்கு முன்பே சுற்றி முளையடித்துக் கயிறு கட்டிவிடுவோம். களிமண்ணாக இருந்தாலும் கைவிட வேண்டியதில்லை, அடியில் துளையிட்ட வடிகுழாய் போடலாம். அஸ்திவாரத்தை ஒட்டியும், நிலத்தடி நீர் மேலாக இருக்கும் இடத்திலும் மட்டும் தண்ணீரை மண்ணில் இறக்க மாட்டேன். அப்புறம், தண்ணீர் புகும் தளக்கற்களை எல்லா மண்வேலையும் முடிந்த பிறகே பதிக்கச் சொல்வேன். வண்டிச் சக்கரத்தில் ஒட்டிவரும் சேறு இடுக்குகளில் புகுந்தால், புதுத் தளம்கூட சில மழையில் அடைத்துக்கொள்ளும்.

இப்போது நடக்கும் வேலையில், போன வாரம் யாரோ கயிற்றை அவிழ்த்து ஈரத்தில் ஒரு வண்டியை உள்ளே விட்டிருக்கிறார்கள். இன்று காலை சக்கரத் தடத்திலும் தடம் படாத இடத்திலும் தனித்தனியாக அளந்தேன். தடத்துக்கு வெளியே ஒரு மணி நேரத்தில் 22 மில்லிமீட்டர் இறங்கியது. தடத்தில் 4. மண் காய்ந்ததும் அங்கே கிளற வேண்டும். கயிறு போதாது, நாளைக்குக் கம்பி வேலியே போடச் சொல்லியிருக்கிறேன்.