குளோரி அரசியாகும் வழி

ஜூன் 3, 2025

டூயி டி. சதர்லண்டின் ‘விங்ஸ் ஆஃப் ஃபயர்’ சிறார் தொடரில், 2013இல் வெளிவந்த மூன்றாம் நூலான ‘தி ஹிடன் கிங்டம்’ நூலை மறுபடியும் வாசிக்கத் தொடங்கினேன். போரை நிறுத்தப் பிறந்தவையாகக் கருதப்பட்ட ஐந்து டிராகன் குஞ்சுகளில், தீர்க்கதரிசனத்தில் இடம்பெறாதவள் குளோரி மட்டுமே. ஸ்கைவிங் என்ற டிராகன் குலத்தின் முட்டை அழிந்துபோனதால், கைக்குக் கிடைத்த, ரெயின்விங் என்ற மழைக்காட்டுக் குலத்தின் முட்டையை அதற்கு ஈடாக எடுத்து வந்துவிட்டார்கள். சோம்பேறிக் குலத்தில் பிறந்தவள் என்ற ஏளனத்தைக் கேட்டே மலைக்குகைக்குள் வளர்ந்தவள் அவள். மனநிலைக்கேற்ப நிறம் மாறும் செதில்களை அடக்கி, உள்ளிருப்பதை வெளியே தெரியாமல் வைத்துக்கொள்ளும் பழக்கம் அவளுக்கு அங்கேதான் வந்திருக்க வேண்டும்.

ஜூன் 5

மழைக்காட்டைக் கண்டதும் குளோரிக்கு ஏற்படும் ஏமாற்றத்தை ஆசிரியர் மிக நேர்மையாக எழுதியிருக்கிறார். தன் குலம் அழகானது, அன்பானது, பசியறியாதது. ஆயினும் வெயிலில் உறங்கிப் பொழுதைக் கழிக்கும் அக்குலத்தில் டிராகன்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன, ஒருவரும் தேடுவதில்லை. யார் முட்டையிலிருந்து யார் பிறந்தார் என்று கணக்கு வைத்துக்கொள்ளாத இடத்தில், யார் இல்லை என்பதும் கவனத்துக்கு வருவதில்லை. தன் துணை ஆர்க்கிடைத் தேடும் மேங்குரோவின் வேதனைக்கு அரசி மேக்னிஃபிசென்ட் செவிசாய்ப்பதில்லை. அரியணையில் குளோரிக்கு ஆசை இருக்கவில்லை. தேடச் சொல்லிக் கேட்டாள், மறுக்கப்பட்டாள், அந்த மறுப்புதான் அவளை அரசியிடம் சவால் விடும் நிலைக்குத் தள்ளியது. அவளுடைய வளர்ச்சியின் உண்மையான தொடக்கம் இங்கேதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஜூன் 6

போட்டிப் பகுதியை ஒரே மூச்சில் முடித்தேன். மற்றக் குலங்களில் அரியணைக்கான சவால் மரணம் வரை நீளும் சண்டை. இங்கோ நஞ்சைக் குறிபார்த்து உமிழ்வது, பூத்தேடுவது போன்ற ரெயின்விங் திறமைகளில் போட்டி. பிறரை நம்பத் தயங்கிய குளோரி, பார்வையற்ற டாமரினையும் சேர்த்துக்கொண்டு ஒரு குழுவாக நின்று வெல்கிறாள். குலத்தின் இயல்பை இகழ்ந்து வந்தவள், அந்த இயல்பைக் கொண்டே அரசியாகிறாள்.

ஜூன் 10

நான்காம் நூலான ‘தி டார்க் சீக்ரட்’, ஐந்து குஞ்சுகளில் ஒருவனான ஸ்டார்ஃபிளைட்டின் பார்வையில் நகர்கிறது. முதல் ஐந்து நூல்களும் ஆளுக்கொரு குஞ்சின் பார்வையில் அமைந்திருப்பதால், அரசியான பிறகு குளோரியை நாம் வெளியிலிருந்தே காண்கிறோம். நண்பர்களோடு வாதாடிக்கொண்டிருந்தவள் இப்போது ஒரு படையை நடத்துகிறாள். கொல்லும் நஞ்சு தன் குலத்தின் வாயிலேயே இருக்க, எதிரிகளை மயக்கத்தில் ஆழ்த்தும் ஊசிகளோடு வீரர்களை அனுப்புகிறாள். எரிமலை வெடிக்கும் தறுவாயில், தன் குலத்தாரைச் சிறைபிடித்துச் சோதனைகளுக்கு உட்படுத்திய நைட்விங் என்ற டிராகன் குலத்தாருக்கு அவள் அடைக்கலம் தருகிறாள்; ஆனால் தன்னை அரசியாக ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான். இந்தக் கண்டிப்பு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. சிறார் கதைகளில் மன்னிப்பு பெரும்பாலும் எளிதாகக் கிடைத்துவிடுகிறது. இங்கே அடைக்கலத்துக்கும் பொறுப்பு உண்டு, தந்தவளுக்கும் பெற்றவர்களுக்கும்.

ஜூன் 14

ஒன்பதாம் நூலில், பழம்பெரும் நைட்விங்கான டார்க்ஸ்டாக்கர் திரும்பி வந்ததும் நைட்விங்குகளில் பலர் அவனைப் பின்தொடர்கிறார்கள். சிலர் குளோரியுடனே தங்குகிறார்கள். தன்னை ஏளனம் செய்த குலத்தைக் காத்து வந்த ஓர் இளம் அரசிக்கு இதைவிடக் கடினமான சோதனை அமைய முடியாது. அந்த நூல் டர்டில் என்ற வேறொரு இளம் டிராகனின் பார்வையில் சொல்லப்படுவதால், அவள் மனம் அப்போது என்ன பாடுபட்டது என்பது நமக்கு முழுதாகக் கிடைப்பதில்லை. அந்த ஓர் அத்தியாயத்தையாவது குளோரியே சொல்லியிருக்கலாம் என்ற ஏக்கம் எனக்கு இருக்கிறது.