ஆக்காட்டி, ஆள்காட்டி

பவானிசாகர் முகாமுக்கு நாங்க வந்து சேர்ந்தது 1990 செப்டம்பர். பஸ்ஸ விட்டு எறங்குனா ஒரே இருட்டு, டேம் பக்கமிருந்து காத்து, அம்மா இடுப்புல தங்கச்சி, என் கையில ஒரு அலுமினியச் சட்டி, எனக்கு அப்ப 9 வயசு. அந்த இருட்டுல தண்ணிக்கரையில ஒரு பறவை திடீர்னு கத்துச்சு. அம்மா அப்படியே நின்னுட்டாங்க. "ஆக்காட்டி கத்துது, ஆரோ வாறாங்கள்"னு சொல்லி என் தோளைப் புடிச்சு பக்கத்துல இழுத்துக்கிட்டாங்க.

அதுக்குக் காரணம் இருக்கு. இலங்கையில எங்க மன்னார்ப் பக்கம் பேசாலைக் கரையில படகுக்காக பத்தைக்குள்ள குந்திக்கிட்டு இருந்த ராத்திரியும் இதே பறவைதான் எங்க தலைக்கு மேல சுத்திச் சுத்தி கத்துச்சு. அது வெறுந்தரையில முட்டை வெக்கிற பறவை, கிட்ட யாரு வந்தாலும் ராத்திரி பகல்னு பாக்காம ஊரையே எழுப்பிரும். எங்களைக் காட்டிக் குடுத்துருமோன்னு அப்பா இருட்டுல அதைப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டது இன்னும் கண்ணுல நிக்குது. அப்புறம் தனுஷ்கோடி, மண்டபம், அங்கிருந்து பவானிசாகர். புது நாட்டுல எனக்கு முதல்ல தெரிஞ்ச குரல் அந்த ஆக்காட்டிதான், மனுசங்க குரல் பழக அதுக்கு மேல ரொம்ப நாள் ஆச்சு.

தமிழ்நாட்டுக்குத் தானே வந்தோம், மொழி ஒண்ணுதானேன்னு எல்லாரும் சொல்லுவாங்க. பள்ளிக்கூடத்துல நான் "கதைக்கிறது"ன்னு சொன்னா பசங்க சிரிச்சாங்க, அவங்க "வெள்ளெனவே வந்துருங்", "அக்கட்ட போ", "ஒறம்பரை வந்திருக்காங்"னு சொன்னா எனக்குப் புரியல. ஒரு வருஷத்துல வெளியில கொங்குத் தமிழ், வீட்டுக்குள்ள மன்னார்த் தமிழ்னு ரெண்டு நாக்கு வந்துருச்சு. பத்தாவதோட படிப்பு நின்னு முகாம்ல எங்க செட்டு முக்காவாசிப் பேரு மாதிரி நானும் பெயிண்டிங் வேலைக்குப் போயிட்டேன். சத்தி, கோபி, புளியம்பட்டின்னு நான் சுண்ணாம்பு அடிக்காத தெரு கம்மி. ஆனா ராத்திரி தங்குற மாதிரி எங்க போறதா இருந்தாலும் எழுதிக் குடுத்து அனுமதி வாங்கணும், மாசா மாசம் கணக்கெடுப்புல ஆள் நிக்கணும். 2021ல "அகதி முகாம்"ங்கிற பேரை "இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்"னு மாத்துனாங்க, அந்தச் சொல்லு போனது மனசுக்கு ஆறுதலாத்தான் இருந்துச்சு, அனுமதிச் சீட்டு மட்டும் இன்னும் இருக்கு.

சத்தியில ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வீட்டுக் காம்பவுண்டுக்கு பட்டி பாத்துட்டு இருந்தப்பதான் இந்தப் பறவை விஷயம் ஆரம்பிச்சுது. பக்கத்து காலியிடத்துல இருந்து அந்தக் குரல் வந்துச்சு, நான் கை பாட்டுக்கு வேலை செஞ்சுக்கிட்டே "ஆக்காட்டி கத்துது, ஆளு வருது"ன்னேன். அவரு வெளிய வந்து "என்னங்க சொன்னீங்க, இன்னொருக்கா சொல்லுங்க"ன்னாரு. நாங்க ஆள்காட்டின்னு சொல்றமுங்க, உங்க ஊருல ஆக்காட்டியான்னு கேட்டு ஒரு நோட்டுல எழுதிக்கிட்டாரு. செம்போத்தைக் காட்டி இதுன்னாரு, செண்பகம்னேன், அதையும் எழுதுனாரு. 34 வருஷத்துல என் பேச்சைக் கேட்டு சிரிக்காம எழுதி வெச்ச முதல் ஆளு அவருதான். பொங்கலுக்கு நடக்குற பறவை கணக்கெடுப்புக்கெல்லாம் போறவரு, மலையும் கடலும் சேர்த்து நாலு நாள் கூட்டிட்டுப் போறேன், நீங்களும் வாங்கன்னாரு. எனக்குக் காசு வேண்டாம்னாரு, நான் ஒத்துக்கல, எல்லாரையும் போல 3500 ரூபாய் குடுத்தேன். அனுமதிக்காக நாலு நாள் வேலைய விட்டு அலைஞ்சேன், ஒரு கையெழுத்துக்கு "பறவை பாக்கவா, உனக்கா"ன்னு கேட்டாங்க, அது இன்னும் வலிக்குது. 2024 டிசம்பர்ல ஒரு வேன்ல 13 பேரு கெளம்புனோம்.

மொத நாளு எங்க பக்கமேதான், வனத்துறை அனுமதியோட காராச்சிக்கொரை தாண்டி மோயாறு பக்கம். இத்தன வருஷம் அதுக்குப் பக்கத்துலயே குடியிருந்தும் அங்க ஆகாசத்துல என்ன பறக்குதுன்னு நான் நிமிந்து பாத்ததே இல்ல. வாத்தியார் ஸ்கோப்ப, தூரத்துல இருக்கிறதைக் கிட்டக் காட்டுற தொலைநோக்கிய, வெச்சுக் குடுத்தாரு. வெண்முதுகுப் பாறு, அதாவது பிணந்தின்னிக் கழுகு, றெக்கைய அடிக்காம வெயில் சூட்டுல மேல மேல ஏறுது, திரும்பும்போது முதுகுல அந்த வெள்ளை தெரியுது. நாட்டுல இந்த இனம் நூத்துக்கு தொண்ணூத்தொம்பதுக்கு மேல அழிஞ்சு போச்சாம், காரணம் மாட்டுக்கு வலிக்குப் போடுற டைக்ளோஃபினாக் ஊசி. அந்த ஊசி போட்ட மாடு செத்தா அதைத் தின்ன பாறுக்கு கிட்னி போயிரும். 2006ல மாட்டுக்கு அந்த மருந்தைத் தடை பண்ணிட்டாங்க, ஆனா வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டை வெக்கிற பறவை, இழந்ததைத் திரும்பப் புடிக்க எத்தன காலம் ஆகும்னு யோசிங்க. தென்னிந்தியாவுல மிச்சமிருக்கிறதுல முக்கியமான இடம் இந்த மோயாறுப் பள்ளத்தாக்கு, ஆத்தோரம் நீர்மருது மரத்துல கூடு கட்டுது. எங்களோட வந்த ஒரு கோபிச்செட்டிப்பாளையம் தோட்டத்துக்காரரு, மாடு வெச்சிருக்கிறவரு, ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு "எம்பட மாட்டுக்கு டாக்டரு என்ன ஊசி போடறாருன்னு ஒரு நாளும் கேட்டதில்லீங்க"ன்னாரு. அங்கிருந்தே போன் போட்டு மெலாக்ஸிகம் போடச் சொல்லிட்டாரு, அது பாறுகளுக்கு ஒண்ணும் பண்ணாது.

ரெண்டாம் நாளு மேட்டுப்பாளையம் வழியா கோத்தகிரி, லாங்வுட் சோலை. ஊரை ஒட்டியே 116 ஹெக்டேர் சோலைக்காடு, 2024லதான் ராம்சார்ங்கிற உலக ஈரநிலப் பட்டியல்ல சேர்த்தாங்க. உள்ள நடந்தா காலுக்குக் கீழ பஞ்சு மாதிரி இருக்கு, கோத்தகிரிக்காரங்களுக்கு தண்ணி அங்கிருந்துதான் ஊறி வருது. நீலகிரிச் சிரிப்பான் உலகத்துல நீலகிரிப் பக்கம் மட்டும்தான் இருக்குதாம், கண்ணுல சிக்கறதுக்கு முன்னாடி காடு பூரா அதோட சிரிப்பு கேட்டுச்சு.

வெளிய வந்து டீ குடிச்ச கடை அம்மா என் பேச்சுல என்னத்தக் கண்டாங்களோ, "நீங்க சிலோனா தம்பி?"ன்னாங்க. அவங்க அப்பா அம்மா கண்டிப் பக்கத்துத் தோட்டத்துல இருந்து சாஸ்திரி சிறிமா ஒப்பந்தத்துல வந்தவங்க. 1964ல ரெண்டு சர்க்காரும் கையெழுத்துப் போட்டு லட்சக்கணக்கான மலையகத் தமிழங்களைப் பிரிச்சுக்கிட்டாங்க, வந்தவங்கள்ல நிறையப் பேரு இந்த நீலகிரி தேயிலைத் தோட்டத்துலதான் வேலைக்குச் சேந்தாங்க. அவங்களுக்குக் குடியுரிமை இருக்கு, எனக்கு இல்ல, ஆனா அவங்களையும் இங்க ஊருக்காரங்க சிலோன்காரங்கன்னுதான் சொல்றாங்களாம். டீக்குக் காசு வாங்க மாட்டேன்னுட்டாங்க. எல்லாரும் வேனுக்குப் போயிட்டாங்க, நான் மட்டும் இன்னும் பத்து நிமிஷம் நின்னு கதைச்சுட்டு வந்தேன், வெளியில ஒருத்தரோட கூச்சமில்லாம "கதைச்சது" அன்னிக்குத்தான்.

அப்புறம் ராத்திரி பூரா வேன், ஈரோடு, கரூர், திருச்சி, தஞ்சாவூரு, விடியக்காலம் வேதாரண்யம். வழியில ஒரு செக்போஸ்ட்ல எல்லாரு ஆதாரையும் பாத்தாங்க, என் முகாம் அட்டையப் பாத்ததும் கீழ எறக்கி 40 நிமிஷம் உக்கார வெச்சாங்க. வாத்தியார் வேனுக்குப் போகல, என் பக்கத்துலயே உக்காந்திருந்தாரு.

கோடியக்கரை 1967லயே சரணாலயம் ஆனது, நேர் எதிர்க்கரை யாழ்ப்பாணம். வேனை விட்டு எறங்குனதும் அந்த வாசம், உப்பும் சேறும் அழுகுன பாசியும் கலந்த வாசம், அது எனக்கு எங்க மன்னார்த் தாம்போதி, கடலுக்கு நடுவுல போற ரோட்டுப் பாலம், அதோட வாசம். எங்க செட்டுல எல்லாரும் கொங்கு ஆளுங்க, வாய்க்கால் சேறு தெரியும், கடல் சேறு தெரியாது. ஒரு புள்ள விறுவிறுன்னு வெள்ளையா காஞ்ச இடத்துல கால் வெச்சு முழங்கால் மட்டும் எறங்கிருச்சு. நான் தூக்கி விட்டு, மேல உப்பு பூத்த இடத்துல கால் வெக்காதீங்க, அடியில களி, குதிகாலை ஊனாம பாதத்தைத் தட்டையா வெச்சு நிக்காம நடங்கன்னு சொன்னேன். எங்க அம்மப்பா வீச்சு வலையோட என்னைக் கூட்டிட்டுப் போயி சொல்லிக் குடுத்தது, 34 வருஷம் கழிச்சு வாயில அப்படியே வருது. அதுக்கப்புறம் எல்லாரும் எனக்குப் பின்னாடிதான் நடந்தாங்க, வாத்தியாரும்.

முன்னாடி தரையே ஓடுற மாதிரி கொசு உள்ளான் கூட்டம். ஒண்ணு எடுத்து நிறுத்தா ஒரு ரூபாய்க் காசு ஆறோட எடை இருக்கும், ஆர்டிக் பக்கம் குஞ்சு பொரிச்சுட்டு இத்தனை தூரம் வந்து இந்தச் சேத்துல மூக்கால தையல் மெஷின் மாதிரி குத்திக்கிட்டே ஓடுது. தூரத்துல ரோஸ் கலர்ல ஒரு கோடு, ஸ்கோப்ல பாத்தா பூநாரை, நூத்துக்கணக்குல. தலைய தலைகீழா தண்ணிக்குள்ள விட்டு, காலால சேத்தை மிதிச்சுக் கலக்கி, அலகால வடிகட்டித் தின்னுது. குஞ்சுல சாம்பல் கலரா இருக்குமாம், தின்கிற தீனியிலதான் அந்த ரோஸ் ஏறுது. "உங்க ஊருலயும் இருக்குங்களா?"ன்னு வாத்தியார் கேட்டாரு. தாம்போதிக்கு ரெண்டு பக்கமும் நிக்கும், அது காலோட மடக்கு தண்ணிக்கு மேல தெரிஞ்சா மனுசனுக்கு முழங்கால் தண்ணிதான், அங்க தைரியமா எறங்கலாம், மடக்கு முங்கியிருந்தா எறங்காதேன்னு அம்மப்பா சொல்லுவாருன்னு சொன்னேன். அவரு நோட்டை எடுத்து அதையும் எழுதுனாரு, எழுதிட்டுப் பக்கத்தைத் திருப்பி அன்னிக்குப் போட்ட பட்டியலைக் காட்டுனாரு, ஆள்காட்டின்னு எழுதி அதுக்குப் பக்கத்துல சாய்கோடு போட்டு ஆக்காட்டின்னு இருந்துச்சு.

அம்மாவுக்கு வீடியோ கால் போட்டேன். இப்ப அவங்களுக்குக் கால் வலி, முகாமை விட்டு எங்கயும் போறதில்ல. போனை ஸ்கோப் கண்ணாடியில ஒட்ட வெச்சுக் காட்டுனேன், படம் ஆடுச்சு, அப்புறம் நின்னுச்சு. ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல. நெட்டு போயிருச்சோன்னு நான் "அம்மா, தெரியுதா?"ன்னேன்.

"தெரியுது. காலிட மடக்குத் தெரியுதோ?"

"தெரியுதம்மா."

"அப்ப நடக்கலாம்"னாங்க.