எத்தனை மணிக்குத் தீப்பட்டது?

செவிலியர் ஒருவர் காலமானால் "தாய் மாதிரி", "தெய்வம் மாதிரி" என்றுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். வார்டில் நாங்கள் அக்கா என்று அழைத்தவரின் இரங்கல் கூட்டத்திலும் அப்படித்தான் பேசினார்கள். மனதாரத்தான் பேசினார்கள். ஆனாலும் எனக்கு ஏதோ குறையாகவே இருந்தது. தீக்காய வார்டில் அவருக்குக் கீழே வேலை கற்றவள் நான். அவருடைய அன்பு முகத்திலோ பேச்சிலோ அதிகம் தெரியாது. அது முழுக்க வேலையில் இருந்தது.

108 ஆம்புலன்ஸில் ஒரு பெண்ணைக் கொண்டுவந்து இறக்குவார்கள். கூட வந்தவர்கள் கதறிக்கொண்டிருப்பார்கள். அக்கா கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை மணிக்குத் தீப்பட்டது?" என்பதுதான். போலீசுக்காகக் கேட்கிறார் என்று நினைத்து உறவினர்கள் தடுமாறுவார்கள். அவர் விடமாட்டார். பெரிய தீக்காயத்தில் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்துகொண்டே இருக்கும். ஈடுகட்டாவிட்டால் சிறுநீரகம் செயலிழந்துவிடும். 50 கிலோ எடை, உடல் பரப்பில் 40 சதவீதக் காயம் என்றால் முதல் 24 மணி நேரத்தில் சுமார் 8 லிட்டர் திரவம் ஏற்ற வேண்டும் என்கிறது, அந்த அளவைக் கணக்கிட உதவும் பார்க்லேண்ட் சூத்திரம். அதில் பாதியை முதல் 8 மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். அந்த 8 மணி நேரம் வார்டுக்கு வந்த நேரத்திலிருந்து தொடங்குவதில்லை, தீப்பட்ட நேரத்திலிருந்தே தொடங்கிவிடுகிறது. மாலை 6 மணிக்கு எரிந்தவர் 9 மணிக்கு வந்து சேர்ந்தால், 4 லிட்டரை மீதி 5 மணி நேரத்தில் ஏற்றியாக வேண்டும். டாக்டர் எழுதிவிட்டுப் போவார். சொட்டு எண்ணுவதும் மணிக்கொரு முறை சிறுநீரை அளப்பதும் எங்கள் வேலை. சிறுநீரின் அளவு குறைந்தால் எந்த நேரமானாலும் அக்கா டாக்டரை எழுப்பிவிடுவார். அதற்காக வாங்கிய திட்டுகளை அவர் ஒரு பொருட்டாகவே மதித்ததில்லை.

டிரெஸ்ஸிங் மாற்றும் நேரத்தில் அந்த வார்டு எப்படி இருக்கும் என்பதை வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்லி விளக்க முடியாது. வலி ஊசி போட்டு அரை மணி நேரம் ஆகாமல் கட்டின் மேல் கை வைக்க அக்கா யாரையும் விட்டதில்லை. எத்தனை பேர் காத்திருந்தாலும் இதில் அவசரம் கிடையாது. காய்ந்து ஒட்டிய துணியின் மேல் சலைனை ஊற்றி ஊறவிடுவார். பிறகு ஒரு மூலையைத் தூக்கி, தோலை ஒட்டினாற்போல மெல்லச் சுருட்டிக்கொண்டே வருவார். வேகமாக இழுத்தால் புதிதாக வளர்ந்த தோலும் கூடவே வந்துவிடும். போதனா மருத்துவமனைப் பொது வார்டில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர் வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. எங்கள் வார்டில் நைட் டியூட்டிக்கு இருவர்தான். அந்த நெருக்கடியிலும் அவர் நிதானம் இழந்ததில்லை. இதை நான் பெரிய திறமையாக மதிக்கிறேன்.

கழுத்தில் காயம் பட்டவருக்குத் தலையணை கூடாது. தலை குனிந்த நிலையிலேயே தோல் ஆறினால் தாடை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு அறுவை சிகிச்சைதான். ஒரு பெண்ணின் அம்மா, மகள் அழுவது தாங்காமல் புடவையைச் சுருட்டித் தலைக்கு அடியில் வைத்துக்கொண்டே இருந்தார். அக்கா எடுப்பார், அந்த அம்மா மறுபடி வைப்பார். "உனக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா?" என்று ஒருநாள் இரவு வார்டே கேட்கக் கத்தினார். அக்கா பதில் பேசவில்லை. அதே புடவைச் சுருளைத் தோள்களுக்கு அடியில் வைத்தார். தலை பின்னால் சாய்ந்து கழுத்து நீண்டு நிமிர்ந்தது. "வைக்க வேண்டுமென்றால் இங்கே வையுங்கள் அம்மா. பிள்ளை நாளை நிமிர்ந்து நடப்பாள்" என்றார். அதன் பிறகு அந்தச் சுருளைக் காவல் காத்தது அந்த அம்மாதான்.

காயம் ஆறப் புரதம் நிறைய வேண்டும். மருத்துவமனைச் சாப்பாட்டில் வரும் முட்டை போதாது. அக்கா டிபன் கேரியரில் அவித்த முட்டை கொண்டுவருவார். "கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கிறது, சாப்பிட்டே ஆக வேண்டும்" என்று அதட்டித்தான் கொடுப்பார். அது அவர் பணம் என்பது எங்களில் இரண்டு மூன்று பேருக்குத்தான் தெரியும். வாங்கியவர்கள் யாரும் அவருக்கு நன்றி சொன்னதில்லை. சொல்ல வேண்டிய நிலை வரக்கூடாது என்பதுதான் அவர் விருப்பமும்.

"ஸ்டவ் வெடித்துவிட்டது" என்று சொல்லி வருகிற பெண்கள் எல்லோருக்கும் ஸ்டவ் வெடித்திருக்காது. மாஜிஸ்திரேட் மரண வாக்குமூலம் எடுக்க வரும் நேரம் தெரிந்தால், அதற்கு வெகு முன்பே கணவர் வீட்டாரை அக்கா வெளியே அனுப்பிவிடுவார். டிரெஸ்ஸிங் என்பார், வார்டு கழுவ வேண்டும் என்பார். என்ன சொல்ல வேண்டும் என்று அந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பயமுறுத்தும் கண்கள் பக்கத்தில் இல்லாமல் அவள் பேச வேண்டும், அவ்வளவுதான்.

மே 12, செவிலியர் தினத்தில் மெழுகுவர்த்தி ஏற்றி செவிலியப் பணியின் முன்னோடியான நைட்டிங்கேல் இரவில் ஏந்திச் சென்ற விளக்கைப் பற்றிப் பேசுவார்கள். கிரிமியப் போரில் காயத்தால் இறந்தவர்களைவிட நோயால் இறந்த சிப்பாய்களே அதிகம் என்று 1858இல் எண்களாலும் வரைபடங்களாலும் காட்டியவரும் அதே நைட்டிங்கேல்தான். அக்காவைப் பற்றிப் பேசும்போதும் விளக்கோடு நிறுத்திவிடுகிறார்கள் என்பதுதான் என் ஆதங்கம்.

காய்கறி வாங்கப் போனாலும், கல்யாண வீட்டுக்குப் போனாலும் பேச்சுக்கு நடுவே அக்கா ஒன்றைச் சொல்லிவிடுவார். அவர் சார்பில் இங்கேயும் சொல்கிறேன். சுட்டால் உடனே குழாயைத் திறந்து 20 நிமிடம் காயத்தின் மேல் தண்ணீர் ஓட விடுங்கள். பேஸ்ட், இங்க், மாவு எதையும் தடவாதீர்கள், ஐஸ் வைக்காதீர்கள். வீங்குவதற்குள் மோதிரத்தையும் வளையலையும் கழற்றுங்கள். சுத்தமான துணியால் தளர மூடி, மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.